வீட்டுக்குள் வரும் சாராயக் கடை

(கற்போர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



காட்டு வேலை, கட்டட வேலை, வீட்டு வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் பேச்சு நீளாது. விஷயத்துக்கு வருவோம்.

இன்றைய பேச்சு மது விளம்பரத்தைப் பற்றியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மது விளம்பரம் ஏன் கூடாது? சட்டம் என்ன சொல்கிறது? சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவுவது எப்படி நடக்கிறது? அதைத் தடுக்கச் சாதாரண ஜனங்கள் என்ன செய்யலாம்? இவைதான் கேள்விகள்.

ஒரு வீடு

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாலை ஏழு மணி. அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அம்மா அடுப்படியில் இருக்கிறாள். ஆறு வயதுப் பையன் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கிரிக்கெட் ஓடுகிறது.

ஓவர் முடிந்ததும் விளம்பரம் வருகிறது. பளபளக்கும் கண்ணாடி கிளாஸ். அதில் ஐஸ் கட்டி. நாலு நண்பர்கள் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். பின்னால் ஒரு பாட்டு. கடைசியில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் வருகிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'சோடா' என்று இருக்கிறது.

பையன் கூப்பிடுகிறான்.

"அம்மா, இங்க வா. அப்பா குடிக்கிற பாட்டில் டிவியில வருது."

அம்மா எட்டிப் பார்க்கிறாள். அவள் ராத்திரி வகுப்பில் படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள்.

"இல்லடா கண்ணு. சோடான்னு போட்டிருக்கு பாரு."

"இல்லம்மா. அப்பா பாட்டில்லயும் இதே படம்தான் இருக்கு. இதே கலர்தான்."

அம்மா எழுத்தைப் படித்தாள். பையன் படத்தைப் படித்தான். இரண்டு பேரில் யார் படித்தது சரி? பையன் படித்ததுதான் சரி. அந்த விளம்பரம் சோடாவுக்கு எடுத்தது இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. விளம்பரம் எடுத்தவருக்கும் அது தெரியும். இனிமேல் அந்தப் பெயரும் அந்தப் பாட்டும் அவன் மனசில் தங்கிவிடும். அவன் மீசை முளைக்கும் வயதுக்கு வரும்போது அந்தப் பெயர் அவனுக்குப் பழகிய பெயராக இருக்கும்.

சாராயக் கடை தெருவில் இருந்தால் அந்தத் தெருவைச் சுற்றிப் போகலாம். பிள்ளையை அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லலாம். கடையே வீட்டு நடுக்கூடத்துக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

தூபகுண்டா பெண்கள்

மதுவுக்கும் எழுத்தறிவுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அது ஆந்திரப் பிரதேசத்தில் நெல்லூர் மாவட்டத்தில் தீர்க்கப்பட்ட கணக்கு.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்திலும் எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. பகலெல்லாம் கூலி வேலை செய்த பெண்கள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் படித்தார்கள். அவர்களுடைய பாடப் புத்தகத்தில் குடியால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை இருந்தது. பெண்கள் அதைப் படித்தார்கள். "இது நம்ம வீட்டுக் கதை ஆச்சே" என்று பேசிக் கொண்டார்கள்.

அந்த மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். அங்கே பெண்கள் ஒன்று சேர்ந்து சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தச் செய்தி அடுத்த புத்தகத்தில் ஒரு பாடமாக வந்தது. மற்ற ஊர்ப் பெண்கள் அந்தப் பாடத்தைப் படித்தார்கள். "அவங்களால முடிஞ்சா நம்மால முடியாதா?" என்று கேட்டார்கள். 1992-இல் போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. சாராய ஏலம் நடக்க விடாமல் பெண்கள் தடுத்தார்கள்.

1993 அக்டோபரில் ஆந்திரா முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. 1997-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது.

இதில் இரண்டு பாடம் உண்டு. படிப்பும் ஒற்றுமையும் சேர்ந்தால் கடையை மூடலாம் என்பது முதல் பாடம். ஒரு முறை மூடினால் போதாது, தொடர்ந்து விழிப்பாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம்.

அந்தப் பெண்கள் கண்ணுக்குத் தெரிந்த கடையோடு சண்டை போட்டார்கள். விளம்பரம் என்பது காற்றில் வரும் கடை. அதை எப்படி எதிர்ப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

விளம்பரம் யாரைத் தேடுகிறது?

"குடிக்கிறவன் எப்படியும் குடிப்பான். விளம்பரத்தைத் தடுத்து என்ன பயன்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலைக் கணக்கில் பார்க்கலாம்.

2019-இல் மத்திய அரசு ஓர் ஆய்வை வெளியிட்டது. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வு அது. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களைக் கணக்கெடுத்தார்கள். நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்று தெரிந்தது. அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேர் மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருந்தார்கள்.

அதே ஆய்வின்படி, நூறு ஆண்களில் 27 பேர் குடிக்கிறார்கள். நூறு பெண்களில் குடிப்பவர்கள் 2 பேருக்கும் குறைவு.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நூறு ஆண்களில் 73 பேர் குடிப்பதில்லை. நூறு பெண்களில் 98 பேர் குடிப்பதில்லை. குடும்பத்துக்கு இது நல்ல செய்தி. மது வியாபாரிக்கு இது இன்னும் பிடிக்காத சந்தை. குடிக்குப் பழகியவருக்கு விளம்பரம் தேவையில்லை. மழை பெய்தாலும் கடைக்கு வழி கண்டுபிடித்துப் போய்விடுவார். குடிக்காத 73 பேரையும், 98 பேரையும், வளர்ந்து வரும் பிள்ளைகளையும் தேடித்தான் விளம்பரம் வருகிறது.

பல நாடுகளில் இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஆய்வு செய்திருக்கிறார்கள். மது விளம்பரத்தை அதிகம் பார்க்கும் இளைஞர்கள் சீக்கிரமே குடிக்கத் தொடங்குகிறார்கள். ஏற்கெனவே குடிப்பவர்கள் கூடுதலாகக் குடிக்கிறார்கள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் மூன்று வழிகளை முக்கியமாகச் சொல்கிறது. மதுவுக்கு வரியைக் கூட்டுவது ஒன்று. மது எளிதில் கிடைக்காமல் செய்வது ஒன்று. விளம்பரத்தைத் தடுப்பது ஒன்று. 2019-இல் மட்டும் உலகம் முழுவதும் 26 லட்சம் பேர் மதுவின் காரணமாக இறந்தார்கள் என்று அந்த நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

விளம்பரத்தில் வரும் மனிதர்களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் நல்ல சட்டை போட்டிருக்கிறார்கள். சிரிக்கிறார்கள். ஜெயிக்கிறார்கள். சம்பளக் கவரை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் மனைவியை அதில் பார்க்க முடியாது. அடகுக் கடையையும் ஆஸ்பத்திரிக் கட்டிலையும் பார்க்க முடியாது. பாதிக் கதையை மட்டும் சொல்லி மீதியை மறைப்பதுதான் அதன் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, மருந்துக்கு அல்லாமல் போதைக்காக மது அருந்துவதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று சொல்கிறது.

மதுவைப் பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பு மத்திய அரசின் கையில் இருக்கிறது. இதை நன்றாக மனசில் வைத்துக் கொள்ளுங்கள். குஜராத் மாநிலம் 1960-இல் உருவானது முதல் அங்கே மதுவிலக்கு உண்டு. பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு உண்டு. அந்த மாநில அரசுகள் கடையை மூடலாம். நாடு முழுவதும் தெரியும் சேனலில் வரும் விளம்பரத்தை அவர்களால் தனியாக நிறுத்த முடியாது. ஊரில் விற்கக் கூடாத பொருளின் பெயர் ஊர் வீடுகளில் ஒலிக்கும். அதனால் நாடு முழுவதுக்கும் ஒரே விதி தேவைப்படுகிறது.

அந்த விதி இருக்கிறது. வானொலியில் 1967-இல் வர்த்தக விளம்பரம் தொடங்கியது. தூர்தர்ஷனில் 1976-இல் தொடங்கியது. மது, சிகரெட், புகையிலை விளம்பரங்களை ஏற்கக் கூடாது என்று அவற்றின் விளம்பர விதிகள் சொல்கின்றன. தனியார் எப்.எம். வானொலிகளும் அகில இந்திய வானொலியின் விளம்பர விதியைப் பின்பற்ற வேண்டும்.

1990-களில் கேபிள் டிவி வந்தது. வெளிநாட்டிலிருந்து வானம் வழியாகப் பல சேனல்கள் வந்தன. அவற்றில் மது விளம்பரம் தாராளமாக வந்தது. பிறகு 1995-இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. 2000 செப்டம்பரில் அதன் விதிகள் திருத்தப்பட்டன. மதுவின் உற்பத்தியையோ, விற்பனையையோ, குடிப்பதையோ நேராகவும் விளம்பரம் செய்யக் கூடாது, மறைமுகமாகவும் செய்யக் கூடாது என்று விதி தெளிவாகச் சொன்னது.

பினாமி விளம்பரம்

விதி வந்ததும் மது விளம்பரம் வேஷம் மாற்றிக் கொண்டது.

சிலர் தங்கள் நிலத்தை வேறொருவர் பெயரில் எழுதி வைப்பார்கள். அனுபவிப்பது அவர்கள்தான். காகிதத்தில் பெயர் மட்டும் வேறு. அதைப் பினாமி என்கிறோம். மது விளம்பரமும் அப்படித்தான். மதுவின் பெயரிலேயே ஒரு சோடா வரும். குடிநீர் வரும். பாட்டு கேசட் வந்தது, பிறகு குறுந்தகடு வந்தது. சீட்டுக்கட்டு, கண்ணாடி கிளாஸ்கூட வந்தன. காட்டுவது சோடா, விற்பது சாராயம்.

2002-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இப்படிப்பட்ட விளம்பரங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. சேனல்களுக்கு நோட்டீஸ் போனது. பல விளம்பரங்கள் நின்றன. சில காலம் கழித்து வேறு உடையில் திரும்பி வந்தன.

2009 பிப்ரவரியில் விதி மறுபடி திருத்தப்பட்டது. ஒரு கம்பெனி உண்மையாகவே சோடா தயாரித்து விற்றால் அதற்கு விளம்பரம் செய்யலாம் என்று வழி விட்டார்கள். அதற்கு நிபந்தனைகளும் போட்டார்கள். சோடாவை மட்டும்தான் காட்ட வேண்டும். மதுவை நினைவூட்டும் வார்த்தை வரக் கூடாது. மது பாட்டிலின் நிறமும் அமைப்பும் வரக் கூடாது. குடி விருந்து போன்ற காட்சி கூடாது. தணிக்கைக் குழுவின் சான்றிதழும் வேண்டும்.

2019-இல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை போடலாம். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு விதிகள் பினாமி விளம்பரத்தைப் பெயர் சொல்லியே தடை செய்தன. தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை, செல்போன் எல்லாவற்றுக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

ஆனாலும் ஓட்டை முழுவதும் அடைபடவில்லை. பெயர் ஒன்றாக இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. அந்த இடுக்கு வழியாகத்தான் விளம்பரங்கள் நுழைகின்றன.

வெளிநாடுகளைப் பாருங்கள். நார்வே 1975-இலேயே மது விளம்பரத்தைத் தடை செய்தது. திராட்சை மதுவுக்குப் பேர் போன நாடு பிரான்ஸ். அங்கேயே 1991-இல் வந்த சட்டம் தொலைக்காட்சியிலும் சினிமாக் கொட்டகையிலும் மது விளம்பரத்தைத் தடுத்தது. பக்கத்து நாடான இலங்கை 2006-இல் சட்டம் கொண்டு வந்து தடுத்தது.

எதிர்ப்பவர்கள் சொல்வது

தடையை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

"சட்டப்படி விற்கிற பொருளுக்கு ஏன் விளம்பரம் செய்யக் கூடாது? விளம்பரமும் பேச்சுரிமைதானே?" என்பது அவர்கள் கேள்வி. விளம்பரத்துக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். மக்களை ஏமாற்றும் விளம்பரத்தை அரசு கட்டுப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மது வியாபாரம் செய்வது ஒருவருடைய அடிப்படை உரிமை ஆகாது என்று 1994-இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. சோடா என்று சொல்லிச் சாராயத்தைக் காட்டுவது ஏமாற்று இல்லாமல் வேறு என்ன?

"விளம்பரத்தைத் தடுத்தால் மட்டும் குடி ஒழிந்துவிடுமா?" என்றும் கேட்கிறார்கள். ஒழியாது. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உடம்பு வலிக்குக் குடிப்பவர் இருக்கிறார். கடன் கவலைக்குக் குடிப்பவர் இருக்கிறார். குடி முற்றினால் அது ஒரு நோய். நோயாளிக்கு வைத்தியம் வேண்டும். திட்டினாலும் அடித்தாலும் அந்த நோய் தீராது. விளம்பரத் தடை இருக்கிற நோயாளியைக் குணப்படுத்தாது. புதிய நோயாளி உருவாவதைக் குறைக்கும். வெள்ளம் வந்த வீட்டில் தண்ணீரை இறைக்கவும் வேண்டும், மடையை அடைக்கவும் வேண்டும் அல்லவா?

என்ன செய்யலாம்?

முதல் வேலை, விளம்பரத்தை வாசிக்கப் பழகுவது. ஒரு சோடா விளம்பரம் வந்தால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

1. இந்தப் பெயரில் மது உண்டா?
2. மது பாட்டிலில் இருக்கும் அதே நிறமும் படமும் இதில் உண்டா?
3. சோடாவின் ருசியையோ விலையையோ பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னார்களா?
4. பெட்டிக்கடையில் கேட்டால் இந்த சோடா கிடைக்குமா?

நாலாவது கேள்வி முக்கியம். நாலு பேர் சேர்ந்து நாலு கடையில் கேட்டுப் பாருங்கள்.

"அண்ணாச்சி, டிவியில வர்ற அந்த சோடா இருக்கா?"

"அது சோடா இல்ல தாயி. அது வேற கடையில கிடைக்கிறது."

அண்ணாச்சி இப்படிப் பதில் சொன்னால் பினாமியின் முகத்திரை கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது வேலை, பிள்ளைகளோடு பேசுவது. அந்த ஆறு வயதுப் பையன் சரியாகத்தான் சொன்னான். "சும்மா இரு" என்று அவன் வாயை அடைக்கக் கூடாது. "நீ சொன்னது சரிதான் கண்ணு. அவங்க சோடான்னு பொய் சொல்றாங்க" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏமாற்று என்று தெரிந்த பிள்ளை அவ்வளவு சுலபமாக ஏமாறாது.

மூன்றாவது வேலை, புகார் எழுதுவது. விளம்பரத்தை வெளியிட்ட சேனலுக்கு எழுதலாம். கேபிள் சட்டப்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. அவருக்கு மனு கொடுக்கலாம். எழுத நேரமில்லை என்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம்.

மனு நீளமாக இருக்கத் தேவையில்லை. நாள், நேரம், சேனல், விளம்பரம் நாலும் தெளிவாக இருந்தால் போதும். இதோ ஒரு மாதிரி:

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

ஐயா / அம்மா,

............ தேதி மாலை ...... மணிக்கு ............ சேனலில் ............ என்ற பெயரில் ஒரு சோடா விளம்பரம் வந்தது. இதே பெயரில் மது விற்கப்படுகிறது. நிறமும் படமும் மது பாட்டிலில் உள்ளவை போலவே இருக்கின்றன. எங்கள் ஊரில் நாலு கடைகளில் கேட்டோம். இந்த சோடா எங்கும் கிடைக்கவில்லை. இது கேபிள் தொலைக்காட்சி விளம்பர விதிக்கு எதிரானது. எங்கள் பிள்ளைகள் இதைப் பார்க்கிறார்கள். தக்க நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக் கொள்கிறோம்.

இப்படிக்கு,
............ ஊர்ப் பொதுமக்கள்

கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. கற்ற எழுத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. மனுவுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து "என்ன ஆச்சு?" என்று போய்க் கேளுங்கள்.

நாலாவது வேலை, குடிநோயில் விழுந்தவரைக் கைவிடாமல் இருப்பது. 14446 என்பது போதை மீட்பு உதவி எண். இலவசமாகப் பேசலாம். குடித்துவிட்டு அடிக்கும் வீட்டில் இருக்கும் பெண்கள் 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். இந்த மூன்று எண்களையும் சுவரில் எழுதி வையுங்கள்.

கடைசியாக

தூபகுண்டா பெண்கள் கையில் அன்று இருந்தது ஒரு பாடப் புத்தகம். அதைப் படித்தார்கள், கூடிப் பேசினார்கள், எழுந்து நடந்தார்கள். இந்த வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கையிலும் புத்தகம் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் விளம்பரங்களைக் கவனியுங்கள். பார்த்ததை நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். அதை வைத்து முதல் மனுவை எல்லோரும் சேர்ந்து எழுதலாம்.



கூடிப் பேசுவோம்

1. விளம்பரத்தைப் பார்த்து உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன கேட்டார்கள்? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?
2. மதுவிலக்கு உள்ள மாநிலத்தில் மது விளம்பரம் எப்படி வீட்டுக்குள் வருகிறது?
3. பினாமி விளம்பரத்தைக் கண்டுபிடிக்க நாலு கேள்விகள் எவை?
4. தூபகுண்டா பெண்களுக்குப் படிப்பு எப்படி உதவியது?
5. உங்கள் ஊரிலிருந்து மனு எழுதினால் யார் யார் கையெழுத்துப் போடுவார்கள்? பெயர்களை எழுதுங்கள்.